கேக்குக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில்

டென்மார்க்கில், சில்க்போர்க் நகரத்தில், எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு நகரசபையான கொம்யூன் பணம் கொடுத்தது. வலி மாத்திரைக்கு அடிமையாகி இளம் பிள்ளைகள் செத்துப்போகாமல் தடுப்பதற்கான பணம். சங்கத் தலைவர் அதில் உதைபந்தாட்டப் போட்டி வைக்கலாம் என்றார். விளையாடுகிற பிள்ளை கெட்டுப்போகாது என்பது அவருடைய தத்துவம். சபை கை தட்டியது.

நான் எழும்பினேன். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், குரல் கொஞ்சம் பெரிது.

"அண்ணை, மூக்குக்குள்ள அடிக்கிற மருந்து ஒண்டு இருக்கு. மாத்திரை அளவுக்கு மிஞ்சி மூச்சு நிண்டவனை அது எழுப்பும். கொம்யூன் நேர்ஸ் வந்து பழக்கிவிட்டு மருந்தையும் தருவா. அதைச் செய்வம்."

"உது டெனிஷ்காரற்ற பிரச்சினை, தங்கச்சி. எங்கட பிள்ளையளுக்கு என்னத்துக்கு? பேர் கெட்டுப்போம்" என்றார் தலைவர்.

"என்ர மகன் உங்கட அணியில பந்தடிச்சவன். மாசி மாசம், ஞாயிறு மத்தியானம், குளியலறையில நீலம் பாரிச்சுக் கிடந்தான். அம்புலன்ஸ்காரர் அந்த மருந்தை அடிச்சுத்தான் எழும்பினவன்."

பக்கத்தில் என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எல்லோருக்கும் மகனுக்குத் தொய்வு, மூச்சிழுப்பு என்றுதான் சொல்லி வைத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அந்த ஞாயிறிலிருந்து மகனோடு ஒரு வார்த்தை கதைக்கவும் இல்லை. இதைச் சபையில் சொல்ல மகனிடம் அனுமதி கேட்டிருந்தேன். அவரிடம் கேட்கவில்லை, கேட்டால் விடமாட்டார்.

போட்டி நடந்தது. கோப்பை, மாலை, படங்கள், எல்லாம். நேர்ஸை ஒருவரும் கூப்பிடவில்லை. மகன் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தான்தான். ஆனால் ஒருமுறை வழுக்கினால், அம்புலன்ஸ் வரும்வரை யார் அவன் உயிரைப் பிடித்து வைப்பது? வேலைக்குப் போகிற நான் ஒருத்தி எத்தனை நேரம் காவல் இருப்பேன்?

அந்த வருடம் எனக்கு ஐம்பது வயது. மண்டபம் எடுத்துக் கொண்டாடினேன். எங்கள் ஆட்கள் கூட்டத்துக்கு வராவிட்டாலும் பிறந்தநாளுக்கு வருவார்கள். கேக் வெட்டி, குடும்பம் குடும்பமாக நின்று படமெடுத்து, அதற்குப் பிறகுதான் சாப்பாடு. சாப்பிடாமல் போவது வீட்டுக்காரரை அவமதிப்பது, ஆகவே ஒருவரும் கிளம்ப முடியாது. கேக்குக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் நேர்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஆட்டிறைச்சிக் கறி மணத்துக்கொண்டிருந்தது.

"பழகினாப் பிறகுதான் சட்டி திறப்பன்" என்றேன்.

"பசியில இருக்கிற சனத்தை மறிச்சு வைக்கிறது பாவம், தங்கச்சி" என்றார் தலைவர்.

"ஓம் அண்ணை, பாவம்தான். கதிரையில இருங்கோ."

வெட்கமா? அதை நான் அம்புலன்ஸிலேயே விட்டுவிட்டு வந்தவள்.

மூச்சு நின்றவரின் நாடியை, முகவாயை, எப்படி நிமிர்த்துவது என்று காட்ட, யாராவது தரையில் படுக்க வேண்டும் என்றார் நேர்ஸ். கடைசி வரிசையிலிருந்து மகன் எழும்பி வந்தான். எல்லோருக்கும் முன்னால் மல்லாந்து படுத்தான்.

"ஆர் வாறியள்?" என்று தமிழில் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். வீட்டில் எனக்கு டெனிஷில்தான் பதில் சொல்லுகிறவன்.

அந்தக் கிடையை நான் முன்பே பார்த்தவள். நேர்ஸ் தந்த மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவனுக்குக் கிட்டப் போகப் பயந்து நின்றேன்.

பின்னால் ஒரு கதிரை இழுபட்டது. என் கணவர். கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, முழங்காலூன்றி இருந்து, மகனின் நாடியைப் பிடித்தார். பிடி பிழைத்தது. நேர்ஸ் அவருடைய விரல்களைத் திருத்தி வைத்தார்.

அவர் மகனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இவன் என்ர மகன். இன்னொருக்காக் காட்டுங்கோ."