நான் தைத்து மூடிய வெட்டுகள்

என் மகளின் ஓவியம் ஒன்றை நான் பாழாக்கினேன். தெரியாமல் அல்ல, தெரிந்தே செய்தேன். பிறகு அவள் முகத்துக்கு நேரே அதைப் பற்றிப் பொய்யும் சொன்னேன்.

டெக்சஸின் பிளானோவில் நாங்கள் புது வீடு வாங்கியிருந்த சமயம். ஓவியப் படிப்பை முடித்த மகள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் வாடகைக்குக் குடியேறியிருந்தாள். தன் இறுதியாண்டுப் படைப்பை வைக்க அங்கே இடமில்லை என்று எங்கள் கூடத்துச் சுவரில் தானே மாட்டிவிட்டுப் போனாள். ஆளுயர வெள்ளைக் கேன்வாஸ். அதில் மேலிருந்து கீழாகக் கத்தியால் போட்ட மூன்று வெட்டுகள். வேறு வண்ணமோ கோடோ கிடையாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இத்தாலியில் கேன்வாஸைக் கீறத் தொடங்கியவர்களைப் பற்றி ஆழ்ந்து படித்தவள் அவள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி இடம் தேடித்தான் மாட்டினாள்.

“ஒரே வீச்சுப்பா. கை எடுத்தப்புறம் மீதி எல்லாம் லைட் பாத்துக்கும். டோன்ட் டச் இட், ஓகே?” என்றாள்.

“நான் ஏம்மா தொடப்போறேன்?” என்றேன்.

நான் கட்டுமானப் பொறியாளன். பாலங்களில் விரிசல் தேடுவதுதான் முப்பது வருடத் தொழில். ஆனால் அந்தத் தொழிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் போவதில்லை. நான் செய்ததற்குக் காரணம் வெட்கம்.

கிரகப்பிரவேசத்துக்குச் சில நாள் முன்பு நண்பர் ஒருவர் வீட்டைப் பார்க்க வந்தார். கூடத்தில் நின்று கேன்வாஸை உற்றுப் பார்த்தார்.

“என்ன சார், சாமான் ஏத்திட்டு வந்த மூவர்ஸ் கிழிச்சுட்டானா? இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் போட்டீங்களா?”

என் பெண் கிழித்தாள், அதுதான் அவள் படிப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஆமா சார், அஜாக்கிரதை” என்று சிரித்தேன்.

“கிழிஞ்சதை மாட்டி வெச்சுக்கிட்டா பால் காய்ச்சுவாங்க? எடுத்து உள்ள போடுங்க.”

உள்ளே போட்டிருந்தாலாவது பிழைத்திருக்கும். நான் அரிசி மூட்டை தைக்கும் கோணி ஊசியை எடுத்தேன். கேன்வாஸைக் கீழே இறக்கிக் கவிழ்த்தால், வெட்டுகளுக்குப் பின்னால் மகள் கறுப்புத் துணி ஒட்டியிருந்தாள். தைக்க இடைஞ்சலாக இருந்ததால் அதைப் பிய்த்து எறிந்தேன். வெட்டின் இரு விளிம்புகளையும் இழுத்துச் சேர்த்துத் தைத்து, சுவருக்கு அடித்து மீந்த வெள்ளைப் பெயின்டை அதன்மேல் பூசினேன்.

“அவ வந்து கேட்டா என்ன சொல்வீங்க?” என்றாள் மனைவி.

“பூஜைக்கு வர்றவ செவுத்தையா பாக்கப்போறா?”

பூஜையன்று மகள் வாசலில் நுழைந்ததும் சுவரைத்தான் பார்த்தாள். கிட்டே போய்த் தையல்மேல் விரலை வைத்தாள். “ஹூ டிட் திஸ்?” பக்கத்தில் அதே நண்பர். நான் சொன்னேன்: “மூவர்ஸ் கிழிச்சுட்டாங்கம்மா. அப்பா சரி பண்ணிட்டேன்.”

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பாயசம் கொடுத்தாள். சாயங்காலமே விமானம் ஏறிவிட்டாள். அதன்பின் அம்மாவிடம் மட்டும் பேசினாள். என்ன வரைகிறாள், எங்கே காட்டுகிறாள் என்பது எதுவும் என் காதுக்கு வரக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள்.

மன்னிப்புக் கேட்கும் முன் என்ன செய்தேன் என்றாவது எனக்கு விளங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பக்கத்து நகரமான டல்லாஸின் கலை அருங்காட்சியகத்துக்கு வாராவாரம் போனேன். அங்கே அந்தக் காலத்து இத்தாலியக் கேன்வாஸ் ஒன்று இருந்தது. முதல் சில வாரங்கள் கிழிசல்தான் தெரிந்தது. பிறகு கை தெரிந்தது. மேலே அழுத்தமாக இறங்கி, நடுவில் அகன்று, கீழே மெலிந்து விலகிய கை. தோளிலிருந்து வந்த வீச்சு. தயங்கியிருந்தால் விளிம்பு பிசிறியிருக்கும். விளிம்புகள் உள்நோக்கி வளைந்திருந்தன. வெளிச்சம் அந்த வளைவில் மெல்ல வழுக்கி, பின்னாலிருந்த கறுப்பில் போய் இல்லாமல் ஆனது. அந்தக் கறுப்பைத்தான் நான் குப்பையில் போட்டிருந்தேன்.

அதே அறையில் ஓர் இரும்புச் சிற்பம். பற்றவைத்த இடங்களைத் தேய்க்காமல் மேடும் பள்ளமுமாக விட்டிருந்தார்கள். என் வேலைத்தளத்தில் அதை நிராகரித்திருப்பேன். ஆனால் குண்டு விழுந்த தெருக்களைப் பார்த்தவர்களுக்குப் பூசி மெழுகிய பரப்பின்மேல் எப்படி நம்பிக்கை வரும்? நான் பூசி மெழுகுகிற ஆள். பெயின்டாலும் செய்தேன், வாயாலும் செய்தேன்.

வீட்டுக்கு வந்து தையலைப் பிரித்தேன். விளிம்புகள் தொய்ந்து தொங்கின. ஊசித் துளைகள் வரிசையாக இளித்தன. அதை இனி மீட்க முடியாது. பொய்யை மட்டும்தான் திரும்பப் பெற முடியும்.

பொங்கலுக்கு, கிரகப்பிரவேசத்துக்கு வந்த அதே குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். இலை போடும் முன் சொன்னேன்: “மூவர்ஸ் கிழிக்கலை. என் பொண்ணு வெட்டினா. அதுதான் அவ ஆர்ட். கெடுத்தது நான்.”

“அப்போ க்ளெய்ம் கெடைக்காது சார்!” என்றார் நண்பர். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் கேன்வாஸைப் பொதிந்து எடுத்துக்கொண்டு ஃப்ரீமான்ட் போனேன். அவள் கராஜில்தான் வேலை செய்கிறாள். கதவைப் பாதி திறந்து நின்றாள்.

“அம்மா சொன்னா. எல்லார் முன்னாடியும் சொன்னியாமே. இட் டஸன்ட் ஃபிக்ஸ் இட்.”

“தெரியும்மா. நான் வெட்கப்பட்டேன். உன்னைப் பத்தி. அதையும் சொல்லணும்னு வந்தேன்.”

அவள் கதவை முழுதாகத் திறந்தாள். பிறகு பொதியைப் பிரித்து, துணியைச் சட்டத்திலிருந்து உரித்து என் கையில் கொடுத்தாள். “ட்ராஷ்ல போடு.” போட்டேன். சட்டத்தை வைத்துக்கொண்டாள். அதில் புதுத் துணியை இழுத்துக் கட்ட ஆரம்பித்தாள். ஒரு மூலை தளர்ந்திருந்தது. என் கை தானாக நீண்டது, பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

“ஓகே, அதைப் பிடி. டைட்டா.”

நாலு பக்கமும் சீராக இழுத்துக் கட்டினோம். அவள் கத்தியை எடுத்தாள்.

“இப்போ வெளியே போப்பா.”

“எவ்வளவு நேரம்?”

“தெரியாது. கேக்காதே.”

போனேன். வெளியே நடைபாதையில் நின்றேன். உள்ளே நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு துணி கிழிபடும் சத்தம், ஒரே இழுப்பில். அவள் கூப்பிடவில்லை. நானும் கதவைத் தட்டவில்லை. இருட்டியதும் அவளே வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். ஓவியத்தைக் காட்டவில்லை. இப்போது மாதம் ஒரு முறை ஃப்ரீமான்ட்டுக்குத் துணி கட்டப் போகிறேன். கட்டி முடித்ததும் அவள் சொல்லாமலே வெளியே வந்துவிடுகிறேன்.