சேற்றின் மேல் போட்ட கதவு

மூன்று வருடங்களுக்கு முன், பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மந்தைவெளியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஓடும் பக்கிங்காம் கால்வாயைத் தூர்வாரப் போகிறார்கள் என்று தெரிந்ததும், குடியிருப்போர் சங்கத்தில் ஒரு மனு தயாரித்தோம். எழுதியது நான்தான். கரையோர வீடுகளால்தான் கால்வாய் நாறுகிறது, அங்கே இருப்பவர்களை அப்புறப்படுத்துங்கள் என்று எழுதியிருந்தேன். கூட வைக்க நாலு போட்டோ எடுக்கலாம் என்று தனியாகக் கரையில் இறங்கினேன்.

பறக்கும் ரயில் பாலத்தின் தூணுக்குப் பக்கத்தில் ஆகாயத்தாமரை அடர்ந்து கிடந்தது. தரை என்று நினைத்துக் காலை வைத்தேன். இடுப்புவரை சேற்றுக்குள் போய்விட்டேன். ஒரு காலை உருவப் பார்த்தால் இன்னொரு கால் மேலும் இறங்குகிறது. எனக்கு ஐம்பத்தாறு வயது. கத்தக்கூட மூச்சு வரவில்லை.

கரை வீடு ஒன்றின் முன்னால் துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா பார்த்துவிட்டார். "யம்மா, கால ஒதறாத. ஆடாம அப்படியே நில்லு" என்றார். சத்தம் கேட்டு அவர் கணவர் வெளியே வந்தார். ஒரு நொடி என்னைப் பார்த்தார். அடுத்து, தன் வீட்டுக் கதவையே கீலிலிருந்து கழற்றி இழுத்து வந்து சேற்றின் மேல் போட்டார். அவர் ஏறப் போனபோது மனைவி தடுத்தார்.

"நீ கனமா கீற. நான் போறேன். என் கால நல்லா புட்ச்சிக்கோ."

கதவின் மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்து, என் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை கதவின் மேல் வந்து விழுந்தேன்.

லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த குடங்களை ஒவ்வொன்றாக என் மேல் ஊற்றினார். உங்களுக்கு வேண்டாமா என்றால், "லாரி நாளைக்கி வரும். நீ இப்படியே எப்டி ரோட்ல போவ?" என்றார். தன் புடவையைக் கட்டிக்கொள்ளக் கொடுத்தார். டீ குடிக்கும்போது, எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்க மாமனாரு இதுல படகு வலிச்சவரும்மா. ஆந்திராலேர்ந்து வெறகு, உப்பு ஏத்திக்கினு வருவாரு. படகு நின்னு போச்சு, நாங்க இங்கியே தங்கிட்டோம்."

நான் சிக்கிய இடத்துக்கு நேர் மேலே ஒரு குழாயிலிருந்து கறுப்பாகக் கழிவுநீர் கொட்டியது. அது எங்கிருந்து வருகிறது என்றேன். "அதோ, அந்த மஞ்ச கட்டடத்துது" என்று காட்டினார். நான் குடியிருக்கும் கட்டடம்.

இரண்டு நாள் கழித்துப் புடவையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, மனுவைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். பிறகு, "சரி, மாத்தி எழுது. பைப்ப பத்தியும் போடு" என்றார்.

மாற்றி எழுதினேன். எங்கள் கட்டடத்தில் பெரிய சண்டையே நடந்தது. அந்தக் குழாயை அடைத்துப் பாதாளச் சாக்கடையில் இணைப்பதற்குள் எட்டு மாதம் ஆகிவிட்டது. தூர்வாரிய பிறகு கால்வாயில் தண்ணீர் நகர்கிறது. சில காலைகளில் கொக்கு நிற்கிறது. அவர்களும் அங்கேயேதான் இருக்கிறார்கள்.

யார் நீ, இங்கே எதற்கு வந்தாய் என்று அவர்கள் முதலில் கேட்டிருந்தால், உங்களை அப்புறப்படுத்த போட்டோ எடுக்க வந்தேன் என்றுதான் அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். கேட்காமலே கை கொடுத்தவர்களால்தான் நான் இன்று உயிரோடும், கொஞ்சம் மனுஷியாகவும் இருக்கிறேன்.