ஏழு இலைக் கொம்பு

சரவணம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் மூன்றடி மண் இருக்கிறது. அதில் நான் வைத்த மஞ்சள் ரோஜா ஒரு வருடமாகப் பூக்கவில்லை. பொங்கலுக்குள் ஒரு பூவாவது வராவிட்டால் செடியைப் பிடுங்கிவிட்டு அங்கே பைக்கை நிறுத்தப்போவதாக என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். எனக்கு அந்தப் பூ வேண்டும். நர்சரியில் அதில் இருந்த ஒரே பூவைப் பார்த்துத்தான் வாங்கினேன். வெண்ணெய் நிறம்.

சாணி எரு போட்டேன். முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், மீன் கழுவிய தண்ணீர், எதையும் விடவில்லை. செடி ஆள் உயரம் வளர்ந்தது. பூ மட்டும் இல்லை. தினமும் காலையில் அதைத் திட்டிவிட்டுத்தான் பல் விளக்கினேன்.

பக்கத்து வீட்டு அக்கா ஆனைமலைக்காரர். குச்சியை நட்டாலே அவருக்குப் பூக்கும். காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "நல்லாத் தழஞ்சிருக்குதுங்க அம்மணி" என்பார். எனக்கும் மனசு குளிர்ந்துபோகும்.

கார்த்திகை மாதம் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க அக்கா, உண்மையைச் சொல்லுங்க. இது பூக்குமா, பூக்காதா?"

அவர் முந்தானையை முறுக்கினார். "நாஞ் சொன்னா உங்களுக்கு மனசு நோகுமுங்களே."

"நொந்தா நொந்துட்டுப் போகுது. சொல்லுங்க."

"ஒட்டுச்செடியில அடி வேற, மேல வேறங்க. இது அடியில இருந்த காட்டுச்செடி கெளம்பி வந்ததுங்க. ஒரு காம்புல எலையை எண்ணிப் பாருங்க, ஏழு இருக்கும். உங்க ரோசாவுக்கு அஞ்சுதானுங்க."

எண்ணினேன். ஏழு. ஒட்டுக்குக் கீழே முளைத்த கொம்புக்குத்தான் வருடம் முழுக்கத் தீனி போட்டிருக்கிறேன். நான் வாங்கிய ரோஜா அதன் நிழலில் இரண்டு நோஞ்சான் குச்சிகளாக நின்றது.

"எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?"

"மாசி மாசமே தெரியுமுங்க. நீங்க அத்தனை ஆசையா மீன் தண்ணி ஊத்திட்டிருந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

இந்த ஊர் மரியாதையில் இடி விழ! வீடு பற்றி எரிந்தால்கூட, "கொஞ்சம் சூடா இருக்குதுங்க" என்பார்கள் போல. அரிவாளை எடுத்து வந்து கொம்பை அடியோடு வெட்டினேன். "ஒட்டுல படாமங்க! ஒட்டுல படாமங்க!" என்று அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அவர் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

குச்சிகள் வெயிலைக் கண்டதும் சிவப்பாகத் துளிர்த்தன. மார்கழி நடுவில் ஒரு மொட்டு. போகியன்று காலை வீட்டுக்குக் காப்புக் கட்டப் பூளைப்பூவும் வேப்பிலையுமாக வாசலுக்கு வந்தேன். ரோஜா விரிந்திருந்தது. அதே வெண்ணெய் நிறம். கையில் இருந்ததை எல்லாம் கீழே போட்டுவிட்டு, "அக்கா!" என்று தெருவே கேட்கும்படி கூப்பிட்டேன்.

அக்கா ஓடி வந்து பார்த்தார். "சின்னதுங்க அம்மணி. எலையில பூச்சியும் இருக்குது" என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவராலும்தான்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வெளியே வந்தார். "ஒண்ணுதானா?"

"நீங்க கேட்டதும் ஒண்ணுதானுங்க."

அவர் பைக்கைத் தெருவோரம் தள்ளிக்கொண்டு போனார்.