ஓட்டை போடாத பூச்சாடி

ஹீட்டரின் மேல் காயப்போட்ட கம்பளிக் கையுறையிலிருந்து எழும் ஈரக் களிமண் வாசனைதான் என் பத்தாவது வயதின் குளிர்காலம். லண்டன் மோர்டனில் நாங்கள் இருந்த சின்ன மாடி வீட்டுக்குள் அந்த வாசனையைக் கொண்டுவந்தவர் அம்மா. வாரம் முழுக்கக் கடையில் கல்லாவில் நின்று களைத்தவர், சனிக்கிழமை காலைகளில் பக்கத்து மண்டபத்தில் நடந்த மட்பாண்ட வகுப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். ஆங்கிலம் பேச ஓர் ஆள் வேண்டுமல்லவா? "சட்டிபானை வனையவோ லண்டனுக்கு வந்தனீர்?" என்று ஷிப்ட் முடிந்து வந்த அப்பா சிரிப்பார்.

மற்றவர்கள் நீளக் கழுத்துச் சாடிகளும் சதுரத் தொட்டிகளும் செய்ய, அம்மாவின் கை எதைத் தொடங்கினாலும் அது வயிறு பருத்து, வாய் விரிந்து, ஏறக்குறையக் குடமாகவே வந்து முடியும். அதற்கு நீலப் பூச்சுப் பூசிச் சூளையில் சுட்டெடுத்து, அந்தப் "பூச்சாடி"யில் கறிவேப்பிலை வளர்க்க வேண்டும், கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு கொத்து முறித்துக் கொடுக்கும் வீடாக எங்கள் வீடு இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

வகுப்பு நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணி, மண் ஈரமாக இருக்கும்போதே அடியில் ஓட்டை போடச் சொன்னார். தண்ணீர் வடியாவிட்டால் வேர் அழுகிவிடுமாம். அம்மா சாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஏலாது எண்டு சொல்லு, பிள்ளை. ஓட்டைக் குடம் வீட்டுக்கு ஆகாது." இதை நான் எப்படி ஆங்கிலத்தில் சொல்ல? அம்மாவுக்குத் தரை நனைவது பிடிக்காது என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பெண்மணி பாவம், அடியில் வைக்க ஒரு தட்டும் செய்து தந்தார்.

முந்திய வருடம் யாழ்ப்பாணத்தில் அம்மாவின் அப்பா இறந்தபோது, விசா கேஸ் முடியாததால் அம்மாவால் போக முடியவில்லை. சுடலையில் யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருக்க, எங்கள் குசினி மேசையிலிருந்த போனில் அழுகையும் மந்திரமும் கேட்டுக்கொண்டிருந்தன. திடீரென்று 'டக்' என்றது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நான் வாசலுக்கு ஓடினேன். "அது கதவில்லை, பிள்ளை. அப்பான்ர குடம்" என்றார் அம்மா. மாமா தோளில் சுமந்த கொள்ளிக்குடத்தில் கத்தி முனையால் ஓட்டை போடுகிற சத்தம் அது. தன் தகப்பனின் செத்தவீட்டில் அம்மாவுக்குக் கிடைத்தது அந்தச் சத்தம் மட்டும்தான். அதன்பிறகு எந்த மண்சாடியில் அவர் ஓட்டை போடுவார்?

அந்தக் குளிர்காலத்தில் கன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக அழுகின. அம்மா விடவில்லை. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, "இண்டைக்கு ஒரு மிடறு காணும்" என்று தேநீர்க் கோப்பையால் அளந்து ஊற்றப் பழகிக்கொண்டார். கடைசிக் கன்று பிழைத்தது. பிழைத்ததே தவிர, தழைக்கவில்லை. யாராவது இலை கேட்டு வந்தால், கொடுக்க இல்லாமல் அம்மா கூசிப்போவார்.

போன வருடம், நோய் முற்றிக் கட்டிலோடு கிடந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "அதை உன்ர வீட்டுக்குக் கொண்டுபோ. அடியில ஓட்டை போட்டுக் கொண்டுபோ." நான் மாட்டேன் என்றேன். "என்ர அளவு உனக்குத் தெரியாது. வேலைக்கு ஓடுற பிள்ளை, ஊத்திப்போட்டு மறந்துபோவாய். நிண்ட தண்ணியில அழுகிப்போயிடும்." தான் இனி இருக்கப்போவதில்லை என்பதை அம்மா எனக்குச் சொன்ன விதம் அது. செடியைப் பெயர்த்து வைத்துவிட்டு, குசினியில் சாடியைக் கவிழ்த்துத் துளைபோடும் மெஷினை வைத்து அழுத்தினேன். சுட்ட மண் இலேசில் விட்டுக்கொடுக்கவில்லை. வேலை முடிந்து அறைக்குள் எட்டிப் பார்த்தபோது அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்கும்.

செவன் கிங்ஸில் என் வீட்டு ஜன்னலோரம் அந்தச் செடி இன்று என் தோளளவு நிற்கிறது. ஊற்றுகிற தண்ணீர் ஓட்டையால் வடிந்து அந்தப் பழைய தட்டில் சேர்கிறது. விரல் விட்டுப் பார்க்கவும் வேண்டாம், கோப்பையால் அளக்கவும் வேண்டாம். அப்படி அளந்து ஊற்றிய கையும் இல்லை. வருகிறவர்கள், "உமக்கு நல்ல கைராசி" என்று சொல்லிக் கொத்துக் கொத்தாக முறித்துக்கொண்டு போகிறார்கள். ஓம் என்று மட்டும் சொல்கிறேன். அம்மாவின் கையில் அது ஒருநாளும் இப்படித் தழைத்ததில்லை.