இடது காதுக்கான பாதி

கிண்ணியா பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவருக்கு அறுபது வயதிருக்கும். துறைமுகத்தில் வேலை முடித்து வருகிறவர் போல, சேட்டெல்லாம் கிறீஸ் கறை. நரைத்த முடியைப் பின்னால் கட்டியிருந்தார். இயர்போனின் வலது முனையைத் தன் காதில் செருகிக்கொண்டு, இடது முனையை என்னிடம் நீட்டினார்.

"சைக்கடெலிக் ரொக். கேளுங்கோ தம்பி, கடல் எழும்பி வானத்துக்குப் போனமாதிரி இருக்கும். பக்கத்தில ஆர் இருந்தாலும் குடுக்கிறனான்."

வாங்கி என் காதில் வைத்தேன். கிற்றார் கொதித்தது. இடையில் ஒரு குரல், மனிதப் பேச்சாகவே இல்லாமல் குழறியது. "ஃபோன் பழுதோ?" என்றேன்.

"இல்லை. பேச்சைப் பதிஞ்சு, கடைசியில இருந்து முதலுக்குத் தலைகீழாய் ஓட விட்டிருக்கினம். பழைய ஆக்களும் செய்தவை, இப்பத்தைப் பொடியளும் செய்யினம்." சிரித்தார். "சண்டைக் காலத்தில ஒரு செக்பொயின்ற்றில ஆமிக்காரங்கள் என்ர கசெற்றைப் போட்டுப் பாத்தவங்கள். இந்தக் குழறல் வந்ததும், என்ன ரகசியம் சொல்லுது எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சாங்கள். அர்த்தமே இல்லாததுக்கு நான் என்னத்தைச் சொல்ல? அண்டைக்குப் போனது இந்த இடது காது."

பஸ் பாலத்தில் ஏறியது. திடீரென என் கையைப் பிடித்தார்.

"எனக்கு நிண்டிட்டுது. இந்த இடத்தில கிற்றார் வலது காதை விட்டு இடது காதுக்குத் தாவும். கிற்றார் உங்கட பக்கம் வந்திட்டுதோ?"

"ஓம்."

"நல்லா வாசிக்கிறானோ?"

எனக்கு அது வெறும் இரைச்சல். "ஓம் ஐயா" என்றேன். அவர் கண்ணை மூடிக் காத்திருந்தார். அவருக்குச் சேரவேண்டிய பாதிப் பாட்டு என் காதில் வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது.