இறுகுமுன் உரித்தவர்

பெயின்ட் கம்பெனிச் சோதனைக்கூடத்தில் அவர், பெயின்ட் பூசிய தகட்டை உருளைக் கம்பியின்மேல் மெல்ல வளைத்து, வளைவின் முதுகை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்க்கிறார். விரிசல் இல்லை. அதைவிட மெலிந்த கம்பியை எடுக்கிறார். "எடுத்த எடுப்புல ஒல்லிக் கம்பில மடக்கினா எந்தப் பெயின்ட்டும் கத்தத்தான் செய்யும்" என்பார்.

அடுத்த தகட்டில் கத்தியால் சிறு கட்டங்களைக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி, விருட்டென்று உரிப்பார். கட்டங்கள் டேப்போடு வந்துவிட்டால் பெயின்ட் தேறவில்லை. சோதனைக்கூடத்தில் அவருக்கு 'உரிச்சான்' என்று பெயர். பேருந்தின் கைப்பிடியைக்கூட நகத்தால் சுரண்டிப் பார்ப்பவர். "சார், எங்க வீட்டுக்கு வந்தா கையைக் கட்டிக்கிட்டு வாங்க. புது பீரோ வாங்கியிருக்கோம்" என்பார்கள் உடன் வேலை செய்பவர்கள்.

அந்தக் கேலிக்கு இப்போதெல்லாம் அவர் சிரிப்பதில்லை.

அவருடைய தம்பி, வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். சென்ற கோடையில் அண்ணன் வீட்டு இரும்புக் கேட்டை வெயிலில் நின்று தேய்த்து, ஆசையாய்ப் பச்சை பூசினார். மறுநாள் காலை தம்பி தன் மனைவியோடு அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கத்தியையும் டேப்பையும் எடுத்தார். கீறினார், ஒட்டினார், உரித்தார். உள்ளங்கையளவு பச்சை டேப்போடு வந்துவிட்டது.

"துருவைச் சரியா தேய்க்கலடா."

தம்பி டம்ளரை வைத்தார். "நான் என்ன உன் லேப் தகடாண்ணா? என் பொண்டாட்டி முன்னாடியே உரிச்சுட்டியே!" தூரிகைகளைச் சுருட்டிக்கொண்டு போனவர், அதன்பின் வரவில்லை.

பூசிய பெயின்ட் நன்றாக இறுகிய பின்னரே சோதிக்க வேண்டும். சோதனைக்கூடத்தில் அவசரப்படும் புதியவர்களைக் கடிந்துகொள்பவரே அண்ணன்தான். சில நாள் கழித்து, யாரும் பாராதபோது, கேட்டின் மறுமூலையில் கீறி டேப்பை ஒட்டி உரித்தார். ஒரு பொட்டுக்கூட வரவில்லை. உரிந்த இடத்தைத் தாமே பூசவும் அவருக்குக் கை எழவில்லை. அது தம்பியின் வேலை.

"தப்பு என்னுதுன்னு ஒரு போன் போட்டுச் சொல்லுங்களேன். வாயிலயும் டேப்பா ஒட்டியிருக்கு?" என்று மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

நேற்று மாலை தம்பி வந்தார், என்றோ இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க.

"இந்தா, உன் ஏணி. இனிமே நமக்குள்ள கொடுக்கல் வாங்கல் ஒண்ணும் பாக்கியில்ல."

"டேய், அன்னிக்கு அந்தப் பெயின்ட்டு..." என்று தொடங்கிய அண்ணன், பாதியில் கேட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டார். தம்பியின் கண்கள் கேட்டில் எதையோ தேடின. அண்ணன் இடக்கையால் தாழ்ப்பாளை நீக்கினார். வலது உள்ளங்கை மட்டும் பச்சை உரிந்து துருவேறிய அந்த இடத்தை மூடியபடியே இருந்தது.