சூடு தெரியாத கால்

முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டொக்டர் சொன்ன அன்று, நான் அம்மாளாச்சியைக் கும்பிடவில்லை. சண்டைதான் பிடித்தேன். "உன்ரை தேர்வடம் பிடிச்சு நடந்த காலைத்தானே கேக்கிறாய்?" என்று ஸ்பிற்றால் கட்டிலில் கிடந்து அழுதேன். பக்கத்துக் கட்டில் சுவிஸ்காரர் பயந்துபோய் மணியை அடித்துவிட்டார்.

அடியார்களே, என்னை உங்களில் பலருக்குத் தெரியும். ஆராவ் நகரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. சீனி வருத்தம் வந்து பல வருடங்கள். காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று சொல்லி, பாதத்தை அச்செடுத்து எனக்கென்றே சப்பாத்துச் செய்து தந்திருந்தார்கள். தடித்த அடி, உள்ளே மெத்தென்ற தகடு. நான் அதற்கு யானைச் சப்பாத்து என்று பெயர் வைத்தேன். வேலைக்கு மட்டும் போடுவேன். வீட்டு வாசலில் கழற்றிவிடுவேன். சாமிப் படம் உள்ள வீட்டுக்குள் எந்தத் தமிழன் சப்பாத்தோடு நடப்பான்?

போன வருடம் தேரன்று நல்ல வெயில். வடம் பிடித்தவர்கள் எல்லோரும் தார் ரோட்டில் கால் மாற்றி மாற்றித் துள்ளினார்கள். பிள்ளைகள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தார்கள். யானைச் சப்பாத்தைக் காருக்குள் விட்டுவிட்டு வந்த நான் மட்டும் பூவில் நடப்பதுபோல நடந்தேன். சூடே தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்னதான மண்டபத்தில் மைக்கை வாங்கி, "அம்மாளின்ரை கருணையைப் பாருங்கோ, எனக்கு நெருப்பும் குளிருது" என்று சொன்னேன். நீங்கள் அரோகரா போட்டீர்கள். சிலர் கண்ணீர் விட்டீர்கள்.

அது கருணை இல்லை. நரம்பு செத்த கால்.

இரவு காலுறையைக் கழற்றியபோது அடிப்பாதத்தில் கொப்புளங்கள். நோகவில்லை, அதனால் பேசாமல் இருந்தேன். பிறகு பெருவிரல் கறுத்தது. அழுகல் மணத்தைக் கண்டுபிடித்தது என் மனைவி சாந்தி. "ஸ்பிற்றாலுக்குப் போவம், வாங்கோ" என்று அவள் கெஞ்ச, "நோகாத புண்ணுக்கு ஏனப்பா டொக்டர்?" என்று நான் இழுத்தடித்தேன். கடைசியில் காய்ச்சல்தான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கிருமி எலும்புவரை போயிருந்தது. விரலை எடுத்தார்கள். புண் ஆறாவிட்டால் அடுத்தது கால் என்றார்கள்.

சண்டை பிடித்துக் களைத்த பிறகுதான் எனக்குக் கும்பிட வந்தது. நேர்த்தி வைக்கப் போனேன். காலைத் தந்தால் அடுத்த தேருக்கும் வெறுங்காலோடு வருவேன் என்று வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த சாந்திக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவ தாற காலைத் திரும்பவும் தாரிலை பொசுக்கவோ கேக்கிறியள்? வாயை மூடிக்கொண்டு கும்பிடுங்கோ."

வாயை மூடிக்கொண்டு கும்பிட்டேன். என் வாழ்நாளில் நான் ஒன்றும் பேரம் பேசாமல் கும்பிட்டது அன்றுதான். சில நாட்கள் கழித்துக் கட்டு மாற்றிய தாதி, "நல்ல சிவப்பாக வருகிறது" என்று ஜெர்மன் மொழியில் சொல்லிச் சிரித்தாள். புதுத் தசை. சாந்தி அவளுடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அம்மாள் என் காலைத் தந்துவிட்டாள்.

ஆனால் மனம் ஆறவில்லை. நான் மைக்கில் சொன்னது சொன்னதுதானே. அதைத் திருப்பி எடுக்க எந்த டொக்டரிடமும் மருந்தில்லை.

இப்போது வீட்டுக்குள்ளும் எனக்குச் சப்பாத்து உண்டு. தெருவைக் காணாத தனிச் சோடி. தினமும் சாந்தி என் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். இந்த வருடத் தேருக்கு யானைச் சப்பாத்தோடு வந்து, எல்லோருக்கும் பின்னால், வடத்தைத் தொடாமல் நின்றேன். இனி வடம் பிடிக்க முடியாது என்ற கவலை எனக்கு உண்டு. மறைக்கவில்லை.

அப்போதுதான் யோகண்ணையைக் கண்டேன். சோலோதுர்னில் இருந்து வருபவர். அவருக்கும் சீனி, அவருக்கும் அதேமாதிரிச் சப்பாத்து. குனிந்து பட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கழட்டாதேங்கோ."

"ஏன்? நீதானே போன முறை சொன்னனீ, அம்மாளை நம்பினால் சூடு தெரியாதெண்டு. எனக்கும் ஒண்டும் தெரியேல்லை. இந்த முறை கொடியேறின நாளிலை இருந்து வெறுங்காலோடைதான் நடக்கிறன்."

பாதி கழன்ற சப்பாத்துக்குள் அவருடைய குதிக்காலைப் பார்த்தேன். காலுறையில் ஈரக் கறை. என் சொல்லைக் கேட்டு நடந்த கால். அவருக்கு அது தெரியவும் இல்லை.

நான் ரோட்டில் முழங்காலில் இருந்தேன். "அண்ணை, நான் சொன்னது பொய். எனக்கு விரல் இல்லை. உங்களுக்கும் புண் வந்திட்டுது. தேர் இருக்கட்டும், இப்பவே ஸ்பிற்றாலுக்குப் போவம், வாங்கோ" என்று சொல்லி, அவருடைய பட்டியைத் திரும்பப் பூட்டினேன். தேர் எங்களைக் கடந்து போயிற்று. சப்பாத்துத் தொட்ட அதே கையால் அம்மாளைக் கும்பிட்டேன். கை கழுவவில்லை.

யோகண்ணையின் புண் இன்னும் ஆறவில்லை. அவருக்காகக் கும்பிடுங்கள். அம்மாள் கேட்பாள், எனக்குக் கேட்டாளே. உங்களில் யாருக்காவது தாரின் சூடு தெரியாவிட்டால், அதை மைக்கில் சொல்லாதீர்கள். டொக்டரிடம் சொல்லுங்கள். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தேருக்கு வாருங்கள். கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.